கடல் ஏறுது

குன்னூர் ஓட்டலில் சேர்ந்த முதல் நாளே என்னை விரட்டப் பார்த்தார்கள். காரணம், கடல்.

இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு சிலோனிலிருந்து இங்கே தள்ளிவிட்ட கூட்டத்தில் நானும் ஒருவன். சேரங்கோட்டில் தேயிலைத் தோட்ட வேலை கொடுத்தார்கள். எனக்குச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி பிடிக்கத் தெரியாது. கொழும்பில் கடலோர ஓட்டலில் ரூம் பாயாக இருந்தவன் நான். தோட்டத்தில் திட்டு வாங்கியே செத்தேன். அப்போதுதான் குன்னூரில் வெள்ளைக்காரன் காலத்து ஓட்டல் ஒன்றில் ட்ரையலுக்கு எடுத்தார்கள். இது போனால் மறுபடியும் அந்தக் கத்திதான்.

கொழும்பு ஓட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். குதிரை வண்டி ஓடிய காலத்தில், கப்பலில் வரும் துரைமாருக்காகக் கட்டியது. நீள வராந்தா. பிரம்பு நாற்காலிகள் எல்லாம் கடலைப் பார்த்திருக்கும். அங்கேயே வேலை பார்த்த என் அப்பா தேய்த்த தரையில் அலை தெரியும். துரைமார் போனார்கள், அவர்கள் சட்டம் போகவில்லை. வேலைக்காரன் கடலுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். சாயங்காலம் காற்று ஏறி, உப்புச் சாரல் அறைக்குள் அடிக்கும். கதவைத் தட்டி, "கடல் ஏறுது" என்று சொல்லி, சன்னலைச் சாத்தி, கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைப்போம். துடைக்கிற அந்த நேரம் மட்டும் கடல் எங்களுடையது.

குன்னூரில் முதல் சாயங்காலம். பள்ளத்திலிருந்து வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக, சத்தமே இல்லாமல் மூடுபனி ஏறி வந்தது. தேயிலை முழுகியது. தேயிலைக்கு நடுவே நிழலுக்கு வைத்த சவுக்கு மரங்கள் பாய்மரம் மாதிரி தலை மட்டும் நீட்டி மிதந்தன. என் கை தானாகவே கதவைத் தட்டியது.

"கடல் ஏறுது, சன்னலச் சாத்துங்க!"

உள்ளே கோயம்புத்தூர்க்கார அம்மா அலறினார். "ஏனுங்க, கடலு ஏறுதாமா! பொட்டியத் தூக்குங்க!"

"குன்னூர்ல ஏது புள்ள கடலு?" என்றார் அவர் வீட்டுக்காரர்.

"அப்ப டேம் ஒடஞ்சிருச்சோ என்னமோ, வாங்க!"

இருவரும் பெட்டியோடு புல்வெளிக்கு ஓடினார்கள். மேனேஜர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா, கிறுக்கா உனக்கு? மிஸ்ட்டப் பாக்கத்தான் இங்க வர்றாங்க. நீ சன்னலச் சாத்தறே! நாளைக்கு வராதே, போ."

அதற்குள் அந்த அம்மா இடுப்பளவு பனியில் நின்று சிரித்தார். "நெசமாலுமே கடலாட்டத்தானுங்க இருக்குது!" எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். கொழும்பையும் அந்த ஓட்டலையும் சொன்னேன். மற்ற அறைக்காரர்களும் வந்து கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

மேனேஜர் என்னை ஓரமாக அழைத்தார். "சரி, இருந்துக்க. தெனமும் இதே மாதிரி கத்திட்டு, அந்தக் கதையச் சொல்லு. கெஸ்ட்டுக்குப் புடிச்சிருக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் தொலைத்துவிட்டு வந்த கடல் இவருக்கு வேடிக்கை.

"சொல்றேன் சார். சொல்லிட்டு வராந்தா கதிரையில உக்காந்து பாப்பேன்."

"கதிரைன்னா?"

"நாற்காலி."

"ஸ்டாஃப் உக்காரப்படாது. வெள்ளைக்காரன் காலத்து ரூல்."

"அப்ப கடலும் ஏறாது சார்."

அவர் முறைத்தார். புல்வெளியிலிருந்து அந்த அம்மா கூப்பிட்டார். "நாளைக்கும் கடலு வருமுங்களா?"

மேனேஜர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "ஸ்டோர்ல கையொடஞ்சது ஒண்ணு கெடக்குது. அதுல உக்காந்து தொலை."

மறுநாள் சாயங்காலம் கதவுகளைத் தட்டினேன். கதையைச் சொன்னேன். பிறகு அந்தக் கையொடிந்த கதிரையைப் பள்ளத்தைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன். இருட்டும் வரை கடல் ஏறியது.

ஓட்டல் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கெஸ்ட்டுக்குக் காட்டுகிற எதையும் நீயும் உட்கார்ந்து பார். உட்கார விடவில்லையென்றால், காட்டாதே.