ஜெர்சி மடிப்பில் அட்சதை

மாநிலக் கால்பந்துக் குழுவில் எனக்கு இடம் கிடைத்ததும் எங்கள் தோட்டமே என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. மலாயாவில், மந்தின் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தோட்டம். ரப்பர் மரம் சீவுகிறவன் சிரம்பான் திடலில் மாநிலத்துக்காக இறங்குவது சின்ன விஷயமா? எனக்கும் தலைகால் புரியவில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலம் அது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூடக் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். அகப்பட்டவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை.

கிண்ணப் போட்டியின் அரையிறுதி அன்று. என்னை ஏற்றிப்போக வந்த லோரி கேட்டில் நின்றது. போலீஸ்காரர் என் பையைக் கொட்டினார். சப்பாத்து, காலுறை, ஜெர்சி. ஜெர்சியை உதறியதும் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று விழுந்தது. அவிழ்த்தார். உள்ளே அரிசி.

வழியனுப்ப வந்து நின்ற என் மனைவி, கட்டி வந்து ஒரு பொங்கல்கூடக் காணாதவள், ஓடி வந்தாள்.

"ஐயா, நாந்தாங்க வச்சேன்! மாரியம்மன் கோயிலு அட்சதைங்க. அவருக்கு ஒன்னும் தெரியாதுங்க!"

மஞ்சள் தடவிய பச்சரிசியைத் தலையில் தூவி ஆசீர்வதிப்பது நம் வழக்கம். காவலுக்குப் பொறுப்பான வெள்ளைக்கார அதிகாரிக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? சப்பாத்தில் வைத்தால் அம்மனுக்கு ஆகாது என்று ஜெர்சி மடிப்புக்குள் வைத்திருக்கிறாள், பைத்தியக்காரி. ஒளித்து வைத்த மாதிரியே இருந்தது. கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி அதிகாரியிடம் இங்கிலீஷில் கெஞ்சிவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ போய் ஆடிட்டு வந்துரு லா. பொண்டாட்டி இங்க காவல் கொட்டாயில இருக்கட்டும், நீ வந்ததும் விட்டுருவாங்க. ஊரடங்குக்கு முன்ன நீ வரலன்னா, காட்டுக்கு ஓடிட்டேன்னு அவள சிரம்பான் லாக்கப்புக்கு அனுப்பிருவாங்க."

போனேன். திடலில் பந்து எங்கே வருகிறது, எங்கே போகிறது, ஒன்றும் தெரியவில்லை. கண்ணெல்லாம் சாய்கிற வெயில் மேல். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. சமனாக முடிந்தால் இன்னும் அரை மணி நேரம் ஆட வேண்டும். அதன் பிறகு கிளம்பினால் ஊரடங்குக்குள் தோட்டம் போய்ச் சேர முடியாது. யாராவது ஒருத்தன் அடித்துத் தொலைக்கட்டும், எதிராளியே அடிக்கட்டும் தாயே என்று மாநிலத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேண்டினேன்.

முடிகிற நேரத்தில் பந்து என் காலுக்கு வந்தது. பக்கத்தில் நல்ல இடத்தில் ஒருவன் நின்றான். அவனுக்குக் கொடுத்து, அவன் நிறுத்தி, அவன் அடித்து... அத்தனை நேரம் பொறுக்க முடியாத பயத்தில் நானே உதைத்தேன். வலைக்குள் போய்விட்டது. விசில் ஊதியதும் என்னைத் தோளில் தூக்கினார்கள்.

"எறக்கி விடுங்கடா, நான் போவணும்டா" என்று அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து இன்னும் உயரத் தூக்கினார்கள்.

லோரி வந்து சேர்ந்தபோது கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகைப் பலகையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லயத்துக்கு நடக்கும்போது கேட்டாள்.

"ஜெயிச்சிட்டீங்களா?"

"ஒன்னுக்கு சைபர். நாந்தான் அடிச்சேன்."

"பாத்தீங்களா? நான் வச்ச அரிசி வீண் போவல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கத்தியிருப்பேன். ஆனால் அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே.