வக்ஃபுத் தண்ணீரை எண்ணியவர்

ஷார்ஜாவின் ரோலா பகுதியில், என் மளிகைக் கடைக்கு எதிரே, வழிப்போக்கருக்கென வக்ஃபு செய்யப்பட்ட குளிர்நீர் இயந்திரம் ஒன்று இருந்தது. நாளொன்றில் எத்தனை பேர் குடிக்கின்றனர் என எண்ணுவதற்கு, தலையில் ஈரக் கைக்குட்டை கட்டிய மெலிந்த தமிழர் ஒருவர் வந்தார். ஒருமுறை குடித்தவர் மறுபடி வந்தால் முகம் பார்த்து, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார். எண்ணிக்கை குறைந்தால் வக்ஃபு நிர்வாகத்தார் இயந்திரத்தை வேறிடம் கொண்டுபோவார்களாம். அந்தத் தெருவில் சுமை தூக்குவோருக்கோ அதுவே கதி. மாலையில், வேண்டிய எண்ணிக்கைக்கு ஒரே ஓர் ஆள் குறைந்தது. நான் காலையிலேயே கணக்கில் சேர்ந்துவிட்டவன். எண்ண வந்தவருடைய உதடுகளோ வறண்டிருந்தன.

“நீங்க ஒரு வாய் குடிங்க தம்பி, சரியாப் போயிரும்.”

“எண்ண வந்தவன் நான், காக்கா. என்னையும் சேர்த்தா பொய்க் கணக்காயிரும். கலாஸ், டூட்டி முடிஞ்சுது.”

அண்ணன் முறையில் என்னைக் ‘காக்கா’ என்றழைத்து மறுத்தவர், என் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்துவிட்டு, குறைந்த எண்ணிக்கையையே பதிந்து சென்றார். இயந்திரமும் போய்விட்டது. தாகத்தோடு நின்றவர் குடித்திருந்தால் அது எவ்வாறு பொய்யாகும் என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.