எனக்குப் போட்டியாக ஒரு சஃபா

எனக்குப் பொறாமை. யார்மேல் என்கிறீர்களா? எருக்கலம்பிட்டியில் இருக்கும் சஃபா என்ற பதினேழு வயதுப் பிள்ளைமேல். அவளை நான் கண்டதே இல்லை!

என் மகள் ஜெனி இந்த வருடம் ஓ.எல். சோதனை எழுதவேண்டியவள். பள்ளிக்கூடத்தால் வந்ததும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போனில் கேம் விளையாட உட்கார்ந்துவிடுவாள். சோறு ஆறிப்போகும். கூப்பிட்டால் சீறுவாள். சஃபா அந்த கேமில் கிடைத்த கூட்டாளி.

விளையாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்தப் பேச்சு இருக்கிறதே... "சோதனையை நினைச்சாலே எனக்கு..." என்று சஃபாவிடம் தொடங்குவாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் வாயை மூடிவிடுவாள்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை அம்மா."

பதினாறு வருடம் வளர்த்த எனக்கு ஒன்றுமில்லை. நாலு மாதப் பழக்கத்துக்கு எல்லாம்! வயிறு எரியாதா?

பள்ளிமுனையில் எங்கள் வீட்டில் பின்னேரம் ஆறரைக்குச் செபமாலை. அந்நேரம் எல்லாருடைய போனும் அலுமாரிக்கு மேலே போய்விட வேண்டும். மாலையின் ஒவ்வொரு பத்து மணிகளை உருட்டுமுன்னும் ஒருவர் தன் வேண்டுதலைச் சொல்லி ஒப்புக்கொடுப்போம். உண்மையைச் சொல்லுங்கள் — பிள்ளைகளை ஏச இதைவிட வசதியான நேரம் உண்டா? மாதாவிடம் சொல்வதுபோல் சொல்லலாம். பிள்ளை எதிர்த்துப் பேசவும் முடியாது.

இரண்டு கிழமைக்கு முன் என் முறை வந்தது. "மாதாவே, எங்கட மகளை அந்த கேமில இருந்து மீட்டுத் தாரும். அவளின்ர மனசைக் கெடுக்கிற அந்தச் சஃபாவையும் தூர விலக்கும்" என்று உரக்கவே வேண்டினேன்.

அலுமாரிக்கு மேலிருந்து பதில் வந்தது.

"அன்ரி... நான்தான் சஃபா."

ஜெனி அவசரத்தில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் போனை அப்படியே வைத்திருக்கிறாள். மைக்கை நிறுத்தவில்லை! முழந்தாளில் நின்ற என் கணவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"குறை நினையாதீங்க அன்ரி. உங்களிட்டச் சொல்லு எண்டுதான் ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சொல்றன். நீங்க ஏசுவீங்க எண்டு பயப்படுறாள். ஏசாமக் கேளுங்க."

அவ்வளவுதான், சஃபா லைனை வெட்டிவிட்டாள்.

ஜெனி அழத் தொடங்கினாள். கணக்கில் பெயில் என்று ரிப்போர்ட்டை ஒளித்து வைத்திருக்கிறாள். வினாத்தாளை எடுத்தாலே நெஞ்சு படபடக்கிறதாம். "விளையாடேக்க மட்டும்தான் அம்மா அது நிக்குது."

நான் கேட்டேன். ஏசவில்லை. செபமாலை மூன்றாவது பத்தோடு நின்றுபோனது. மாதா மன்னிப்பார்.

இப்போது கேம் நாளுக்கு ஒரு மணித்தியாலம். அதற்கும் சண்டை இல்லாமல் இல்லை. படபடப்புக்கு ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டரைப் பார்க்கிறோம். சஃபாவுக்கு நன்றியும் சொல்லிவிட்டேன்... பல்லைக் கடித்துக்கொண்டு. நான் கேட்டிருக்க வேண்டியதை அவளல்லவா கேட்டிருக்கிறாள்? அந்தப் பொறாமை லேசில் போகுமா?

நேற்று மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஜெனி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அம்மா, ஒண்டு சொல்லவேணும். சஃபாவுக்கும் இன்னும் சொல்லேல்லை."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள். சஃபாவுக்கே தெரியாது — உங்களுக்குச் சொல்வேனா?