மாலை கழற்றாத மிஷின்

எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு ஒன்றரை நாள் யாரும் எதையும் எழுதமாட்டார்கள். அஷ்டமி சாயங்காலம் பூஜைக்கு வைத்தால் தசமி காலையில் எடுக்கும்வரை பேனா, புத்தகம், அரிவாள், ஸ்பேனர், தையல் மிஷின் எல்லாம் சாமியின் காவலில் இருக்கும். அது பாலக்காட்டுக் கணக்கு. வாளையார் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் நவமியன்றுதான் ஆயுத பூஜை. நாங்கள் எல்லைக்காரர்கள், இரண்டையும் சேர்த்தே செய்துவிடுவோம். பக்தியில் குறை வைத்தார்கள் என்று எந்த மாநிலமும் எங்களைச் சொல்லிவிடக் கூடாது பாருங்கள். நான் எழுத்துவேலை பார்க்கும் பால் சொசைட்டியில் என் பேனாவும் அந்த ஒன்றரை நாள் சந்தனத்தோடு படுத்திருக்கும். மாட்டுக்கு மட்டும் நவமி தெரியாது.

அந்த ஒன்றரை நாளின் நடுவில்தான் என் தங்கை வீட்டுக்காரரின் வலது கை போனது.

மாப்பிள்ளைக்கு எங்கள் பக்கத்துத் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் வேலை. பவர் பிரஸ் என்று ஒரு மிஷின். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு இரும்புத் தலை. பெடலை மிதித்தால் அது இறங்கித் தகட்டைக் கடித்து டப்பா மூடியாகத் துப்பும். பதினொரு வருஷமாக அதற்கு அவர் தகடு ஊட்டினார். ஊட்டிய கையைக் கடிக்காத ஜென்மம் என்று அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். அஷ்டமி சாயங்காலம் அதற்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, செவ்வந்தி மாலை சாத்தி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் மறையூர் வெல்லமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மேனேஜர் போட்டோ எடுத்து எல்லோருக்கும் வாழ்த்தாக அனுப்பினார். மாலை போட்ட மிஷின் முன்னால் மாப்பிள்ளை கும்பிட்டபடி நிற்கிறார். இரண்டு கையும் சேர்ந்திருக்க எடுத்த கடைசிப் படம் அது.

நவமி மத்தியானம் நான் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணிக்கட்டுக்கு மேலே பெரிய கட்டு. கண் திறந்திருந்தது. வலியைக் காட்டிலும் ஒரு வெட்கம் அந்த முகத்தில்.

"ஏனுங் மாப்ள, இன்னிக்கு லீவுதானுங்களே? பூஜை வெச்ச மிஷினு எப்புடி ஓடுச்சு?"

"காலைல போன் பண்ணுனாங் மச்சா. அர்ஜென்ட் லோடாமா. பாதிப் பேரு வந்தா போதும்னானுக."

அவர் விட்டு விட்டுச் சொன்னதை நான் கோத்துக்கொண்டேன். மிஷினை ஓட்ட வேண்டும். ஆனால் தசமிக்கு முன்னால் மாலையைக் கழற்றினால் சாமிக் குற்றம். சூப்பர்வைசர் பக்திமான். "மாலை பாட்டுக்கு இருக்கட்டும், மிஷின் பாட்டுக்கு ஓடட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெடலை மிதித்தால் மிஷின் அசையவில்லை. அதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கண் உண்டு. நடுவில் கை போனால் கண் பார்த்து நிறுத்திவிடும். முதல் நாள் யாரோ அந்தக் கண்ணுக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். சந்தனத்தை மிஷின் கை என்று நினைத்தது. யாரோ ஒரு மனுஷன் உள்ளே கைவைத்துக்கொண்டு நிற்கிறான் என்று பயந்து, ஓடமாட்டேன் என்று நின்றது.

"பொட்டத் தொடச்சா முடிஞ்சுது, இல்லீங்களா?" என்றேன்.

"பொட்டத் தொடைக்கக் கூடாதுன்னுட்டாருங். சாமிக்கு வெச்சது."

"அப்பறம்?"

"எலக்ட்ரீசியனக் கூப்புட்டுக் கண்ணக் கழட்டி உட்டுப்போட்டாங்."

பொட்டு அப்படியே இருந்தது. கண் போய்விட்டது. சந்தனத்தைக் கை என்று நினைத்து நின்ற மிஷினுக்கு, கையைக் கை என்று பார்க்க இனி வழியில்லை. நாற்பதாவது மூடியோ ஐம்பதாவதோ, இரும்புத் தலை ஆடிய ஆட்டத்தில் மாலை நூல் அறுந்து அச்சுக்குள் விழுந்தது. மாலையை மேலே கழற்றத்தான் கூடாது. கீழே விழுந்ததை எடுக்கலாம் என்று சாஸ்திரம் தெரிந்த யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கையை விட்டார். கால் பெடலிலேயே இருந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங் மச்சா. அந்த மிஷின்லதான் போச்சுன்னு ஒருத்தராச்சும் எழுதிக் குடுக்கணும். நாளைக்கே இல்லேன்னுருவானுக."

நாளை வரை அவர்கள் காத்திருக்கவில்லை. நான் வருவதற்கு முன்பே கம்பெனி ஆள் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுப் போயிருந்தார். ஆரஞ்சுப்பழம், ஹார்லிக்ஸ், டைப் அடித்த ஒரு காகிதம். பூஜையை முன்னிட்டு எல்லா இயந்திரங்களும் ஓய்வில் இருந்தன; இன்னார் பிரசாதம் வாங்க வந்த இடத்தில் வழுக்கித் தகரக் கட்டின்மேல் விழுந்து காயமுற்றார்; கருணையின் பேரில் கம்பெனி உதவி செய்கிறது; இதற்குமேல் எந்தப் புகாரும் இல்லை. கீழே என் தங்கை கையெழுத்துப் போட இடம் விட்டு, பென்சிலில் ஒரு பெருக்கல் குறியும் போட்டிருந்தார்கள்.

"போட்டுட்டயா?" என்றேன்.

"எப்புடிங்ணா போடறது? பூஜை எடுக்காம பேனாவத் தொடலாமா? நாளைக்கு வாங்கன்னு அனுப்பிச்சுட்டேன்."

என் தங்கை சட்டம் படித்தவள் இல்லை. அன்று அவளைக் காப்பாற்றியது பக்திதான். மிஷினை ஓட்டவைத்த அதே பக்தி. சாமிக்கு இரண்டு பக்கமும் வக்காலத்து உண்டு போல.

ஆக எனக்குக் கிடைத்தது ஒரு சாயங்காலம். நாளைக் காலை அந்த ஆரஞ்சுப்பழம் திரும்பி வருவதற்குள் ஒரு வக்கீல் வேண்டும். பஸ் பிடித்துப் பாலக்காடு வந்தேன். வழியெல்லாம் பனைகளும் வயல்களும் பின்னால் ஓடின. ஒர்க்‌ஷாப்புகளில் ஜேசிபிகள் வாழைக்கன்று கட்டிக் கல்யாணமாப்பிள்ளைகள்போல் நின்றன. கோர்ட் வாசலில் வக்கீல் ஆபீஸ்கள் எல்லாம் பூட்டு. ஒரு பூட்டுக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தார்கள். திறப்பதும் ஒரு தொழில்தானே.

பழைய கோயில் தெருவில் தொழிலாளர் கேஸ் பார்க்கும் வயதான வக்கீல் ஒருவர் இருக்கிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே விளக்குக்கு முன்னால் பட்டுத்துணி போர்த்திய ஒரு குன்று. நாட்டின் சட்டம் மொத்தமும் அதற்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் பூஜை எடுத்தப்றம் வாங்கோ. இன்னிக்கு ஒரு அக்ஷரம் எழுதப்படாது, படிக்கவும் படாது."

"பேசலாமுங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். அவர் வாழ்க்கையில் யாரும் கேட்காத சட்டச் சிக்கல் போலிருந்தது. "பேசலாம். நாக்கைப் பூஜைக்கு வெக்கலை."

சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். கை போனது என்றபோது "அடடா" என்றார். கான்ட்ராக்ட் வேலை, கையில் ஒரு கார்டும் இல்லை என்றபோது "கஷ்டமாச்சே" என்றார். கண்ணைக் கழற்றிவிட்டார்கள் என்றபோது ஊஞ்சல் ஒரு ஆட்டம் கூடியது, அவ்வளவுதான். ஆயிரம் கை, ஆயிரம் கால் பார்த்த மனுஷர். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எழுந்திருக்கிற சாக்கில் கடைசியாகச் சொன்னேன்: "மாலையக்கூடக் கழட்டாமத்தானுங்க ஓட்டியிருக்கறாங்க."

ஊஞ்சல் நின்றது. கண் திறந்தது.

"என்ன சொன்னேள்? சாத்தின மாலையோட ஓட்டினாளா? நவமியன்னிக்கா?"

"ஆமாங்க."

"அபசாரம்! மகா அபசாரம்! அஷ்டமிக்கு வெச்சதை எடுக்காம ஓட்டியிருக்கா. இவாளை விடப்படாது!" கை போனதற்கு ஒரு 'அடடா'; மாலைக்கு முழு ருத்ரதாண்டவம். உள்ளே பார்த்துக் கத்தினார்: "கேட்டாயோ, அம்பாள் கழுத்துல மாலை இருக்கறச்சே தகடு அடிச்சிருக்காளாம்!" உள்ளேயிருந்து மாமியின் குரல் மட்டும் வந்தது: "அந்த மனுஷாளோட கை என்னாச்சு, அதைக் கேளுங்கோ முதல்ல."

அவர் சற்றுத் தணிந்தார். நான் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. நியாயம் எந்த வாசல் வழியாக வந்தால் என்ன, உள்ளே வந்தால் சரி.

"அந்தக் காயிதத்துல ஒப்புப் போடவேண்டாம்னு உங்க தங்கைகிட்டச் சொல்லுங்கோ."

"நாளைக்கு வருவாங்களே. பூஜை முடிஞ்சுதுன்னு நிப்பாங்க."

"உங்காத்துல பூஜை எடுத்தாச்சான்னு அவாளுக்கு எப்படித் தெரியும்? நல்ல நாழிகை கூடிவரலை, எடுக்கலைன்னு சொல்லட்டும். இதுக்கு எதிரா ஒரு செக்ஷனும் கிடையாது."

அந்த வருஷம் ஊரெல்லாம் தசமி காலையில் பூஜை எடுக்க, என் தங்கை வீட்டில் மட்டும் சரஸ்வதி பதினோரு நாள் விருந்தாளி. பொய் சொல்ல வராது என்று அவள் உண்மையிலேயே எடுக்கவில்லை. அரிவாள்மனையும் கத்தரிக்கோலும்கூடப் பட்டுக்கடியில். காயைக் கையால் பிய்த்துக் குழம்பு வைத்தாள். ஆரஞ்சுப்பழம் மூன்று தடவை வந்தது. மூன்றாம் தடவை அந்த ஆளே பொறுமை இழந்து, "எந்தா அம்மா இது? எங்கேயாவது இப்படி ஒரு பூஜை உண்டா?" என்று கேட்டார். "எங்கூட்டு வழக்கம் இப்புடித்தானுங்க. மாலைய நாங்க அவசரத்துக்கெல்லாம் கழட்டறதில்லீங்க, உங்களாட்டத்தான்" என்றாளாம் இவள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அதற்குள் மாப்பிள்ளையின் இடது கட்டைவிரல் ரேகையோடு மனு போய்விட்டிருந்தது.

லேபர் ஆபீஸ் விசாரணை என்பது ஒரு மழைக்காலம் போய் இன்னொரு மழைக்காலம் வருவதை ஒரே பெஞ்சிலிருந்து பார்ப்பது. மாப்பிள்ளை ஒவ்வொரு முறையும் முழுக்கைச் சட்டை போட்டு வருவார். வலது பக்கச் சட்டைக்கை வெறுமையாகத் தொங்கும். ஃபேன் காற்றில் அது அசையும்போது வந்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். கூட வேலை செய்தவர்கள் யாரும் சாட்சிக்கு வரவில்லை. கோவிந்தாபுரம் செக்போஸ்ட் பக்கம் அவர்களில் ஒருவனைப் பார்த்துக் கேட்டேன். "நான் அன்னிக்கு மிஷினப் பாக்கவே இல்லீங்ணா, சாமியத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றான். அவனுக்கும் இரண்டு கை, ஒரு வேலை.

கம்பெனி தரப்பு ஒரே ஒரு சாட்சியைக் கொண்டுவந்தது: அந்த போட்டோ. பெரிதாக்கி, சட்டம்போட்டு. மாலை, சந்தனம், பொட்டு, கும்பிடும் மாப்பிள்ளை. "எங்கள் கம்பெனியில் பாரம்பரியம் உண்டு" என்றார் அவர்களுடைய வக்கீல். "தசமிவரை இயந்திரத்தைத் தொடுவதில்லை. மனுதாரரே அந்தப் பூஜையில் நிற்கிறார் பாருங்கள். மாலை போட்ட இயந்திரம் எப்படி ஓடும்?" அவ்வளவு உருக்கமாகச் சொன்னார். எனக்கே ஒரு நிமிஷம் மிஷின்மேல் பக்தி வந்துவிட்டது.

எங்கள் வக்கீல் எழுந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டுப் போன கம்பெனியின் காகிதத்தை முதலில் எடுத்தார். "இது என்னிக்கு டைப் அடிச்சது? நவமியன்னிக்கு. உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் பூஜை கிடையாதோ?" பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரே பேனாவைக் கீழே வைத்திருந்த அந்த நாளில், இங்கே எழுதிக்கொண்டிருந்த ஒரே கை அவர்களுடையது.

ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கையும் எழுதியிருந்தது. ஆஸ்பத்திரியில் அன்று டியூட்டியில் இருந்த டாக்டர் எழுதிய காயக் குறிப்பு. கட்டுக் கட்டாக இருந்த காகிதங்களில் நான் பத்துத் தடவை புரட்டியும் படிக்காத ஒரு வரி. டாக்டர் எழுத்து, யார் படிப்பார்கள்? எங்கள் வக்கீல் படித்திருந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெதுவாக, மந்திரம் சொல்வதுபோல வாசித்தார்: நசுங்கிய காயத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்டவை, உலோகத் துகள், கிரீஸ், நூல், மஞ்சள் பூவிதழ்கள்.

"வழுக்கி விழுந்தவனோட எலும்புக்குள்ள செவ்வந்திப் பூ எப்படிப் போகும்? கிரீஸோட? நீங்க சொல்றது சத்தியம்தான். மிஷின்ல மாலை இருந்தது. அந்த மாலையோடதான் அது இவர் கையை எடுத்திருக்கு."

அதிகாரி போட்டோவை வாங்கி, பொட்டு வைத்த அந்தக் கண்ணை விரலால் தொட்டு, அது என்ன என்று கேட்டார். மாப்பிள்ளை எழுந்து நின்றார். அத்தனை வாய்தாவிலும் அவர் வாயைத் திறந்தது அன்றுதான். "கைய உட்டா நிறுத்தறதுங்க அது. அன்னிக்குக் கழட்டீட்டாங்க" என்றார்.

தீர்ப்பு வந்தபோது நாங்கள் மூன்றாவது ஆயுத பூஜையை நெருங்கியிருந்தோம். வேலை நேரத்தில், வேலை செய்யும் இடத்தில், அழுத்து இயந்திரத்தில் ஏற்பட்ட இழப்பு என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளை அந்த வரியை இடது சுட்டுவிரலால் தடவித் தடவி என்னை நாலு முறை படிக்கச் சொன்னார். கம்பெனி உடனே அப்பீல் போனது. பாரம்பரியத்தை விட்டுக்கொடுக்க முடியாதாம். புது வக்காலத்துக்கு மாப்பிள்ளை கைரேகை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இடது கையால் கையெழுத்துப் போட்டார். எழுத்துகள் நாலாபக்கமும் சாய்ந்திருந்தன. ஆனால் அவருடையவை.

அந்த வருஷத்து அஷ்டமி சாயங்காலம் நான் தங்கை வீட்டில் இருந்தேன். தங்கை வழக்கம்போல வீட்டிலிருக்கும் பேனா, புத்தகம், கத்தரிக்கோல் எல்லாம் பொறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குக் கை நீட்டினாள். அவர் இடது கையால் பையை மூடிக்கொண்டார்.

"இது வெளியவே கெடக்கட்டும்."

"ஏனுங், சாமிக்கு..."

"சாமி ஒண்ணுஞ் சொல்லாது. நாளைக்கு நவமி. அவனுக எழுதுவானுக."

தங்கை தட்டைக் கீழே வைத்தாள். பிறகு குங்குமத்தை எடுத்து, பேனாவை விட்டுவிட்டு, அவர் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். கண்ணில் படாமல், கவனமாக.