பொய் சொல்லாமல் ஏமாற்றியது எப்படி: புலாவ் இண்டாவில் ஒரு சைக்கிள் ரேஸ்

போன ஞாயிற்றுக்கிழமை, போர்ட் கிள்ளானை ஒட்டிய தீவான புலாவ் இண்டாவில் பெண்களுக்கான சாலை ரேஸ். நான் படிவம் ஐந்து பள்ளி மாணவி, தேர்வுக்குப் படிக்க வேண்டியவள் என்று வீட்டில் நினைவூட்டினார்கள். நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தத் தீவுச் சாலையில் மிதிக்க ஆசைப்படும் தோழிகளுக்காக இந்தப் பதிவு.

எங்கள் அணியில் மூன்றே பேர். தலைவி விமலா அக்கா, பிரிக்பீல்ட்ஸில் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். ஜெசிந்தா அக்காவுக்கு போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை. மூன்றாவது நான். என் பட்டப்பெயர் வாலு. ரேஸிலும் பெரும்பாலும் வாலில்தான் இருப்பேன் என்பதால் பொருத்தம்தான்.

இந்த முறை விளையாட்டு இல்லை. ஜெசிந்தா அக்காவுக்கு அடுத்த மாதம் ஜொகூருக்கு மாற்றல். எங்கள் ஆரஞ்சுச் சட்டையில் அவருக்கு இதுதான் கடைசி ரேஸ். இதற்கு முன் இரண்டு முறை இரண்டாவதாக வந்தார். இரண்டு முறையும் அவர் பார்த்தது செந்தூல் அணித் தலைவி தர்ஷினி அக்காவின் பின்சக்கரத்தை. கடைசி இருநூறு மீட்டர் பாய்ச்சலில் தர்ஷினி அக்காவை மிஞ்ச எங்களிடம் ஆள் கிடையாது.

காலை ஐந்து மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் புறப்பட்டோம். வண்டி, விமலா அக்கா கடைக்கு செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து சரக்கு ஏற்றும் லோரி. சைக்கிள்கள் உரசாமல் இருக்க நடுவில் வெங்காயச் சாக்குகள். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். டோல் கட்டணமும் டீசல் எண்ணெயும் சேர்த்து ஆளுக்குப் பதினைந்து ரிங்கிட்.

"ஏம்மா, லோரியில வந்து இறங்கி எதுக்கு மிதிக்கிறீங்க? நானே ஒரு சுத்து சுத்திக் காட்டுறேன் லா," என்றார் லோரி ஓட்டிய முத்து அங்கிள்.

"உங்க லோரிக்கு லேடீஸ் கேட்டகரி இல்ல அங்கிள்," என்றேன்.

கிள்ளானில் இட்லிக்கு நிறுத்தினோம். அங்கேதான் விமலா அக்கா சாம்பார் கிண்ணத்தைத் தீவாக வைத்துத் திட்டத்தைச் சொன்னார். மொத்தம் அறுபது கிலோமீட்டர். தீவைச் சுற்றிவிட்டுப் பாலம் ஏறி இறங்கினால் முடிவுக் கோடு. சாலை முழுக்கத் தட்டை, பாலம் மட்டுமே ஏற்றம். பாலத்தில்தான் பலம் தெரியும் என்று எல்லா அணிகளும் அதுவரை கூட்டமாகவே போகும். ஒருவர் பின்னால் ஒருவர் ஒண்டிக்கொண்டால் காற்று பாதிதான். தனியாகப் போகிறவருக்கு முழுக் காற்று.

அதனால்தான் ஜெசிந்தா அக்கா முடிவுக்குப் பதினைந்து கிலோமீட்டர் முன்னதாகவே தனியாகப் பாய வேண்டும் என்றார் விமலா அக்கா. கடல் காற்று பக்கவாட்டில் அறையும் சாலை அது. வேலை முடிந்து தினமும் அதே காற்றில் மிதித்து வீடு திரும்புகிறவர் ஜெசிந்தா அக்கா. செந்தூல் உடனே துரத்தாமல் இருந்தால் போதும்.

"அப்ப நான் என்னக்கா செய்ய?"

"நீ தர்ஷினிகிட்ட போயி உண்மையச் சொல்லு. ஜெசி எங்க கெளம்புவான்னு அப்படியே சொல்லிரு."

"சொன்னா புடிச்சிருவாங்களே?"

"நீ சொன்னா யாரு நம்புவா?"

ஜெசிந்தா அக்காவுக்கு இட்லி புரையேறிவிட்டது. இது பாராட்டா திட்டா என்று நான் வடை முடியும்வரை யோசித்தேன். போன மாதம் இரண்டு அணிகளும் சேர்ந்து பயிற்சி செய்தபோது, இன்னும் இரண்டு சுற்று மிச்சமிருக்கையில் "கடைசி சுற்று" என்று கத்தியது நான். செந்தூல் மொத்தமும் உயிரைக் கொடுத்துப் பாய்ந்தது. அடுத்த சுற்றில் நாக்குதான் முன்சக்கரத்துக்கு முன்னால் போனது.

ஏழரைக்கு ரேஸ் தொடங்கியது. கடலோரச் சாலை வந்ததும் தர்ஷினி அக்கா பக்கத்தில் ஒட்டினேன்.

"அக்கா, அந்த வெள்ளைக் கிடங்கு தாண்டுனதும் ஜெசிந்தாக்கா கெளம்பிடுவாங்க. சீரியஸா."

"கடைசி சுத்துன்னியே, அந்த சீரியஸா?"

"இது நெசம்க்கா."

"போ லா. வாய மூடிட்டு மிதி."

வெள்ளைக் கிடங்கு தாண்டியது. ஜெசிந்தா அக்கா கிளம்பினார். செந்தூல் பெண் ஒருத்தி துரத்த எழுந்தாள்.

"விடுடி, அது தூண்டில். விமலாதான் பாலத்துல பாய்வா, அவள பாரு," என்றார் தர்ஷினி அக்கா.

ஆரஞ்சுச் சட்டை ஆரஞ்சுப் பழமாகி, ஆரஞ்சு விதையானபோதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் விமலா அக்காவும் நானும் வரிசையின் தலையில் போய் உட்கார்ந்திருந்தோம். மிதித்தோம், ஆனால் யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல. விதிப்படி தப்பில்லை. எங்களைத் தாண்ட வேண்டுமானால் காற்றுப் பக்கமாக வெளியே வந்துதான் ஆக வேண்டும். வந்தார்கள். அவர்கள் தாண்ட, நாங்கள் மறுபடி முன்னே போக, பாலத்தடிக்கு வரும்போது இரண்டு காலில் எனக்கு அரைக்கால்கூட மிச்சமில்லை.

"ஏய் வாலு, அவ எங்க?" என்று கத்தினார் தர்ஷினி அக்கா.

"பாலத்து உச்சியில, அக்கா."

இந்த முறை நம்பிவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு ஏறிய ஏற்றம் இருக்கிறதே, பார்க்கவே பயமாக இருந்தது. விமலா அக்கா போனார், மற்றவர்களும் போனார்கள், நான் மட்டும் பாலத்தோடு பேசிக்கொண்டு ஏறினேன். உச்சியிலிருந்து பார்த்தால் கீழே கோட்டருகே இரண்டு புள்ளிகள். ஒன்று ஆரஞ்சு. எது முன்னால் என்று தெரியவில்லை.

இறங்கிப் போனபோது ஜெசிந்தா அக்கா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தார்ச்சாலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு சைக்கிள் நீளம்மா," என்று இரண்டு கைகளையும் அகட்டி அளவு காட்டினார் முத்து அங்கிள். நாங்கள் கிள்ளான் திரும்புவதற்குள் அது லோரி நீளமாகிவிட்டது.

முடிவுப் பட்டியலில் முதல் பெயர் ஜெசிந்தா, கடைசிப் பெயர் நான். இரண்டு பக்கமும் எங்கள் ரொட்டி, நடுவில் மற்றவர்கள் சார்டின் மீன். கடைசி இடத்துக்கு இவ்வளவு நெஞ்சை நிமிர்த்தியவள் அந்தத் தீவில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

தர்ஷினி அக்கா தண்ணீர் போத்தலை நீட்டினார். "அடுத்த தடவ நீ என்ன சொன்னாலும் நம்புறேன்."

நன்றி சொன்னேன். அடுத்த ரேஸின் திட்டம் அப்போதே பாதி தயார்.

போகிறவர்களுக்கு: ஏழு மணிக்குள் மிதிக்கத் தொடங்குங்கள், வெயில் ஏற ஏறக் காற்றும் கண்டெய்னர் லோரிகளும் கூடும். இரண்டு போத்தல் தண்ணீர் வேண்டும். பக்கக் காற்றில் நேர்பின்னால் ஒண்டாதீர்கள், கடலுக்கு எதிர்ப்பக்கமாகச் சற்று விலகி ஒண்டுங்கள். பாலத்தின் இரும்பு இணைப்புகளை நேராகக் கடக்கவும். பார்ப்பதைவிட அந்த ஏற்றம் நீளம். நிஜமாகத்தான் சொல்கிறேன். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, அதுவும் எங்கள் அணிக்கு நல்லதுதான்.