கோலத்தில் போன டேலியா

டேலியாவுக்கு மழை ஆகாது. கும்மிடிப்பூண்டிக்கோ ஐப்பசியில் மழையைத் தவிர வேறெதுவும் தெரியாது. அறுபதுகளின் பிற்பாதியில், பெங்களூர்க்காரர் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய பன்னிரண்டு கிழங்குகளைப் பன்னிரண்டு தொட்டிகளில் நட்டேன். மழை வரும்போதெல்லாம் அத்தனையையும் தாழ்வாரத்துக்குத் தூக்குவேன்; விட்டதும் திரும்ப வெளியே வைப்பேன். அப்படியும் எட்டு அழுகிப்போயின. பிழைத்த நான்கில் மூன்று நோஞ்சான். ஒன்றுதான் செடி என்று சொல்லும்படி இருந்தது.

அதில் வந்த பக்க மொட்டுகள் பதினொன்றையும் கிள்ளி எறிந்தேன். உச்சி மொட்டை மட்டும் விட்டால்தான் பூ பெரிதாக வரும்.

"பூக்கறதுக்குத்தானே செடி வெச்சீங்க? மொட்டையெல்லாம் பிச்சுப் போடறீங்களே" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மார்கழிக் கடைசியில் பட்டணத்தில் மலர்க் கண்காட்சி. தொட்டியோடு கொண்டுபோய் வைக்க வேண்டும். பூ இல்லாத தொட்டியைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நான் நம்பியிருந்தது அந்த ஒரே மொட்டைத்தான். அதுவும் ஏமாற்றாமல் விரிந்தது. பளீரென்ற மஞ்சள், வெளிச்சுற்றில் மட்டும் இருபத்திரண்டு இதழ்கள்.

கண்காட்சிக்குப் புறப்பட வேண்டிய காலையில் போய்ப் பார்த்தால், காம்பு மட்டும் நிற்கிறது.

அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் கோலம். நடுவில் சாணி உருண்டை. மார்கழியில் பூசணிப்பூ செருகுகிற அந்த உருண்டையின் தலையில் என் டேலியா. எதிர்வீட்டம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு பக்கத்திலேயே நின்றாள்.

"என்னம்மா இது?"

"பூசணிக் கொடி மழையில போயிடுச்சு சார். உங்க ஊட்டுல மஞ்சளா ஒண்ணு இருந்துச்சு, வெச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க. அது தலைக்கும் இல்லாம சாமிக்கும் இல்லாம சும்மா நின்னுக்கினு இருந்துச்சு. பாவமா இல்ல?"

பூவை எடுத்துக் கழுவி, ஈர்க்குச்சி செருகிக் காம்போடு கட்டிவிடலாம் என்று குனிந்தேன்.

"ஐயோ சார்! கோலத்துல வெச்சத எடுக்கக் கூடாது!"

சத்தம் கேட்டு வந்த என் மனைவியும், "விடுங்க, மார்கழி மாசத்துல அபசகுனமா" என்றாள். என் பக்கம் ஓர் ஓட்டு, எதிர்ப்பக்கம் இரண்டு. அந்த வழியாக வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "இன்னா சைஸும்மா பூசணிப்பூ!" என்று வியந்தார். மூன்று.

பட்டணத்து ரயில் நானில்லாமல் போயிற்று. பகலில் எதிர்வீட்டம்மா அந்த உருண்டையைப் பூவோடு சேர்த்துத் தட்டிச் சுவரில் அறைந்தாள். வறட்டியின் ஓரத்தில் மஞ்சள் இதழ்கள் பிதுங்கி நின்றன.

அடுத்த ஆண்டு எச்சரிக்கையாக ஊதாவும் வெள்ளையும் மட்டும் நட்டேன். ஒருவரும் தொடவில்லை. ஓர் ஊதாவை ஒடியாமல் பட்டணம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மேசையில் முப்பத்தேழு டேலியாக்கள். முதல் பரிசு ஒரு மஞ்சளுக்கு. அதுவும் போன வருஷத்து என்னுடையதில் முக்கால்வாசிகூட இல்லாத மஞ்சளுக்கு.

தொட்டியைச் சுமந்து திரும்பிய என்னை எதிர்வீட்டம்மா தெருவிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பிரைஸு வந்துச்சா சார்?"

"வரலை."

"எதுக்குதான் குட்த்தாங்க?"

"மஞ்சளுக்கு."

"பாத்தீங்களா! போன வருசமே நான் மஞ்சளாப் பாத்து எடுத்தேன் இல்ல? நீங்கதான் சார் போயி ஊதா வெச்சீங்க."