அழித்துவிட்ட பந்தி ஷாட்டுகள்

“...மணமேடையில தேடினா அவரு எப்டிண்ணா கெடைப்பாரு? எங்க வூட்டுக்காரரு எந்தக் கல்யாணத்துல தாலி கட்டறதப் பாத்தாரு? அந்நேரம் கீழ எலை போட்டுக்கினு இருப்பாரு. பந்தியில தேடுங்க,” என்று எஸ்தர் என் மானிட்டரை விரலால் தட்டினார்.

எஸ்தர் ஐயம்பேட்டைக்காரர். அவருடைய கணவர் தேவராஜ், காஞ்சிபுரத்து மண்டபங்களில் வருடக்கணக்காகப் பந்தி பரிமாறியவர். சாம்பார் வாளி அவருடையது. மாரடைப்பில் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் அதே மண்டபங்களில் வீடியோ எடுத்தவன். விடியற்காலையில் ஒரே சமையல்கட்டில் நின்று அவரும் நானும் காபி குடித்திருக்கிறோம். அவரை ஒரு தடவைகூட நிற்க வைத்து நான் படம் எடுத்ததில்லை.

“ஆதார் கார்டு போட்டோ ஒண்ணுதான் இருக்குது. அதுல யாரையோ அடிக்கப் போற மாதிரி மொறைச்சிக்கினு இருக்காரு. அவரு நடக்கறத ஒருவாட்டி பாக்கணும், அவ்ளோதான். உங்ககிட்ட ஏதோ மெஷின் இருக்குதாமே, படத்தக் காட்டினா படத்தத் தேடிக் குடுக்குதாமே?”

மெஷின் இல்லை, சாஃப்ட்வேர். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதை வைத்து நான் செய்ததைச் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. புடவையைத் தேடி வந்தவர்கள்

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. இலவசமாகக் கிடைத்த புரோகிராம்களை இறக்கி, சொல்லித்தரும் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வேலை இதுதான்: சாஃப்ட்வேர் முதலில் வீடியோவை ஷாட் ஷாட்டாக வெட்டும். ஒவ்வொரு ஷாட்டிலிருந்தும் ஒரு படத்தை எடுக்கும். அதற்குக் கீ ஃப்ரேம் என்று பெயர். அந்தப் படத்தில் உள்ள நிறம், கோடு, உருவம் எல்லாவற்றையும் எண்களாக்கி வைத்துக்கொள்ளும். பிறகு நாம் மாதிரிக்கு ஒரு படத்தைக் கொடுத்தால், எண்கள் எவையெல்லாம் நெருங்கி வருகின்றனவோ அந்தப் படங்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தும். ஊர், பேர், தேதி எதுவும் நாம் எழுதி வைக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இப்படி ஒன்று இருந்தால் யார் வருவார்கள்? புடவையைத் தேடித்தான் வந்தார்கள். ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். “என் தங்கச்சி கல்யாணத்துக்கு எங்க நாத்தனா கட்டிக்கினு வந்த பொடவையத்தான் என் பொண்ணு கல்யாணத்துக்கும் கட்டிக்கினு வந்தா. கேட்டா இல்லன்றா. எடுத்துக் காட்டுப்பா, அவ மூஞ்சிக்கு நேரா நீட்டறேன்.” சாஃப்ட்வேர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது. இரண்டும் வேறு வேறு புடவை, அரக்கு பார்டர் மட்டும் ஒன்று. அந்த அம்மா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். “உன் மெஷினு அவ கட்சிப்பா,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று சிரித்தேன். சாஃப்ட்வேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பும் அன்றைக்குத்தான் வந்தது.

2. எது தெளிவோ அதை வை

மண்டபத்தில் எடுத்த முழு வீடியோவையும் வெட்டாமல் ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்திருந்தேன். வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கும் டிவிடியில் பந்தி பத்து விநாடிகூட வராது. சொந்தக்காரர்கள் சாப்பிடுவதைப் பாட்டோடு காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். மிச்சம் என்னிடம் மட்டும்தான் இருந்தது. ஒரு முகூர்த்த மாதத்துக்கு முன் டிஸ்க்குகள் நிரம்பிவிட்டன.

ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரே மாதிரி இருக்கும் ஷாட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கும் வசதி அந்த சாஃப்ட்வேரில் உண்டு. எதை வைப்பது என்று நாம்தான் விதி கொடுக்க வேண்டும். “எது தெளிவோ அதை வை” என்று கொடுத்தேன். கேமராக்காரன் புத்தி வேறு எப்படிப் போகும்?

அழிக்கலாம் என்று அது நீட்டிய பட்டியலில் முக்கால்வாசி பந்திதான். எந்தக் கல்யாணத்தில்தான் பந்தி வேறு மாதிரி இருக்கிறது? வாழை இலை, வெள்ளைச் சோறு, குனிந்த தலைகள். என்னிடம் எடிட்டிங் செய்த பழனி எட்டிப் பார்த்தான். “சாம்பார் ஊத்தினத யாருண்ணா வந்து பாக்கப் போறாங்க? தூக்குங்கண்ணா.”

சொன்னது பழனி. பட்டனை அழுத்தியது நான். காலியான இடத்தில் அந்த மாதத்துக் கல்யாணங்கள் ஏறிக்கொண்டன. திரும்ப எடுக்க வழியில்லை.

3. எஸ்தர் வந்த நாள்

ஆதார் போட்டோவை ஸ்கேன் செய்து சாஃப்ட்வேருக்குக் கொடுத்தேன். திரையில் முதலில் ஒரு மாப்பிள்ளையின் மாமா வந்தார். அடுத்து ஒரு தவில்காரர். பிறகு மேடையேறி மாலை போட்ட ஒரு கட்சிக்காரர். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இவரா? இது சாம்பார் வாங்கற கைண்ணா, ஊத்தற கை இல்ல.” அதன் பிறகுதான் பந்தியில் தேடச் சொன்னார்.

பந்தியில் பெரும்பாலானவற்றை நான் அழித்திருந்தேன். இருந்தாலும் தேடினேன். ஒரு கல்யாணத்துக்கு ஒரு பந்தி ஷாட் வந்தது. இலை தெளிவாக இருந்தது, அப்பளத்தின் குமிழ்கூடத் தெரிந்தது. பரிமாறுகிறவர் ஒருவர்கூட இல்லை. நடக்கிறவர் குறுக்கே வந்தால் படம் கலங்கும். கலங்கிய ஷாட்டுகளை நான் கொடுத்த விதி ஒன்று விடாமல் கழித்திருந்தது.

மின்வெட்டில் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். சொல்லவில்லை.

“எஸ்தரும்மா, பந்தியெல்லாம் நான்தான் அழிச்சேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்குதேன்னு எடம் பண்றதுக்காக அழிச்சிட்டேன்.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார். “சாப்பிடறவங்க ஒரே மாதிரிதாண்ணா இருப்பாங்க,” என்றார். பிறகு, “மீதி இருக்கறத ஓட்டுங்க,” என்றார்.

ஓட்டினேன். தென்னேரிப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில், ஷாட்டின் கடைசியில், ஓரத்திலிருந்து ஒரு கை கரண்டியோடு நீண்டது. முழங்கைக்கு மேல் தெரியவில்லை. அந்த மூன்று விநாடியை நான்கு முறை போடச் சொன்னார். அது அவராக இருக்கட்டும் என்று நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

“இல்ல,” என்றார். “அவங்க சோத்துல குழி பண்ற வரைக்கும் அவரு கரண்டியப் புடிச்சிக்கினு நிப்பாரு. இது வந்ததும் ஊத்துது. அவரு இல்ல.”

தம்பிகளே, தங்கைகளே, ஒரே மாதிரி என்று சாஃப்ட்வேர் சொன்னால், அது எண்ணிப் பார்த்த அளவில் ஒரே மாதிரி என்றுதான் அர்த்தம். அதற்கு மேல் அதற்குத் தெரியாது. அது பட்டியல் மட்டும் கொடுக்கட்டும். அழிப்பதற்கு முன் அந்தப் பட்டியலில் உள்ள ஷாட்டுகளை ஓடவிட்டு, உள்ளே யார் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு முறை பாருங்கள். நான் கீ ஃப்ரேமை மட்டும் பார்த்தேன்.

எஸ்தர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய் நின்றார். “வேற வீடியோகாரங்ககிட்ட இருக்குமா?”

“இருக்கலாம்மா. கேட்டு வாங்கறேன். ஆனா தேடறதுக்கு மாதிரி ஒண்ணு வேணும். மொகம் போதாது. அவரு நடக்கற மாதிரி ஒரு படம் இருந்தாதான் ஏதாவது பண்ணலாம்.”

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலையில் தரை துடைக்க வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியைக் குழாயடிக்கு எடுத்துப்போய்ப் பாதிவரை நிரப்பிக்கொண்டு வந்தார்.

“வெயிட்டு இல்லாம அந்த நடை வராதுண்ணா. கேமராவ போடுங்க.”

போட்டேன். வாளி தொங்கிய இடது தோள் இறங்க, உடம்பு வலப்பக்கம் சாய, சுவரோரம் கிடந்த காலி நாற்காலிகளைப் பார்த்தபடி பக்கவாட்டிலேயே சின்னச் சின்ன அடியாக நடந்தார். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னும் நின்றார், குனிந்தார். வெறும் கையைக் கரண்டி போலப் பிடித்துக்கொண்டு, சோற்றில் குழி பண்ணும் நேரம் வரை காத்திருந்து, பிறகு சாய்த்தார்.